மண்மூட்டை டோம் வீடு நம்ம மழைக்குத் தாங்குமா?

ஆலங்குடி செம்மண்:
2018 நவம்பர் 16, கஜா புயல். விடியக்காலையில் எங்கள் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டு போனது. அம்மாவை அணைத்துக்கொண்டு அடுப்படி மூலையில் உட்கார்ந்திருந்தேன். காற்று பிடுங்குவதற்குக் கூரை என்று ஒன்று இல்லாத வீடு கட்ட வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

அதனால்தான் மண்மூட்டை டோம். சாக்கில் ஈரமண்ணை நிரப்பி வட்டமாக அடுக்கி, திமிசுக்கட்டையால் இடித்து, வரிசைக்கு வரிசை முள்கம்பி ஓட்டி, மேலே போகப்போக வட்டத்தைச் சுருக்கி மூடிவிடுவது. ஈரானில் பிறந்த கட்டடக் கலைஞர் நாதர் கலீலி 1984இல் நாசா கூட்டிய கருத்தரங்கில், நிலவின் மண்ணைக் கொண்டே அங்கே வீடு கட்டலாம் என்று பேசியவர். பிறகு கலிபோர்னியாவின் ஹெஸ்பீரியாவில் இந்த முறையைக் கட்டிக் காட்டினார். 2004இல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. ஈரானின் ஹோர்முஸ் தீவில் இதே முறையில் கலர் கலராக ஒரு டோம் ஊரே நிற்கிறது.

உள்விட்டம் 16 அடி. நானும் மச்சானும் சேர்ந்து கையாலேயே கட்டப்போகிறோம். தை பிறந்ததும் ஆரம்பம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கொத்தனார் மகன்:
தம்பி, உங்கள் பயம் புரிகிறது. ஆனால் நீங்கள் சொன்ன இரண்டு ஊரும் எப்படிப்பட்டவை என்று பாருங்கள். ஹெஸ்பீரியா பாலைவனம், வருஷ மழை 20 சென்டிமீட்டரைத் தாண்டாது. ஹோர்முஸும் வறண்ட தீவு. தமிழ்நாட்டின் சராசரி 90 சென்டிமீட்டருக்கு மேல், அதிலும் பாதி ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். டோமில் சுவர்தான் கூரை. சுவருக்குக் குடை பிடிக்க ஒன்றுமில்லை.

அடுத்தது உழைப்பு. 16 அடி விட்டத்துக்கு, வழக்கமான கூர்முனை வளைவு போட்டால் உயரம் ஏறக்குறைய 14 அடி வரும். நான் போட்டுப் பார்த்த கணக்கில் எழுநூறு மூட்டை. மூட்டை 40 கிலோ என்றால் 28 டன் மண்ணை நீங்கள் இரண்டு பேர் தூக்கி வைக்க வேண்டும், கடைசி மூட்டைகளைச் சாரத்தில் ஏறி. இவ்வளவு பாடுபட்டுக் கிடைப்பது 200 சதுர அடி. உங்கள் பக்கம் செம்பராங்கல் கிடைக்கிறதே, அதில் கட்டுங்கள்.

ஆலங்குடி செம்மண்:
அண்ணே, செம்பராங்கல் சுவர் கட்டினாலும் மேலே கூரை போட்டுத்தானே ஆக வேண்டும்? கான்கிரீட் போடக் கையில் காசில்லை, ஷீட் போட மனசில்லை. 2015 ஏப்ரலில் நேபாளத்தில் 7.8 அளவு நிலநடுக்கம் வந்தபோது கல் வீடுகள் சரிந்தன, மண்மூட்டைக் கட்டடங்கள் பல தாங்கி நின்றன. அதையே தாங்கியது மழையைத் தாங்காதா?

எண்கோணம்:
நிலநடுக்கத்தையும் மழையையும் ஒரே தராசில் போடாதீர்கள். நேபாளத்தில் நின்றவற்றில் பலவும் நேர்ச்சுவர் எழுப்பி, மேலே தகரக் கூரை போட்டவை. முள்கம்பிதான் அங்கே வேலை செய்தது, டோம் வடிவம் அல்ல. அந்தக் கம்பிக்கு டோமிலும் வேலை இருக்கிறது: மேல்பகுதி தன் எடையால் தானே இறுகிக்கொள்ளும், கீழ்வரிசைகள் வெளியே பிதுங்கப் பார்க்கும், அந்த இழுவையைக் கம்பி பிடித்துக்கொள்ளும். வடிவத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை, காற்றுக்கு இதைவிட நல்ல வடிவம் கிடையாது. நான் பயப்படுவது தண்ணீருக்கு மட்டும்தான்.

கடலூர் அக்கா:
கட்டிப் பார்த்தவள் நான். நாலு வருஷம் முன்னால், விதை நெல் வைக்க 10 அடி விட்டத்தில் ஒரு டோம் கட்டினோம். ஏறத்தாழ முந்நூறு மூட்டை. பழைய அரிசிச் சாக்குகள்தான். கட்டி முடித்து, பூசுவதற்கு ஆள் கிடைக்காமல் மூன்று மாதம் வெயிலில் விட்டோம். சாக்கு அப்பளம் போல நொறுங்கத் தொடங்கியது. பிளாஸ்டிக் சாக்கு வெயில் தாங்காது, ஒரு பக்கம் அடுக்கிக்கொண்டே மறுபக்கம் மூடிக்கொண்டு போக வேண்டும்.

அப்புறம் ஒரு மேஸ்திரி வந்து சிமென்ட் பூச்சு பூசினார். முதல் ஐப்பசி மழை தாங்கியது. இரண்டாவது வருஷம் மூன்று நாள் அடைமழை. கதவைத் திறந்தால் உள்சுவரில் தோள் உயரத்திலிருந்து சிவப்புத் தண்ணீர் விரலகலக் கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. வெளியே தேடினால் தலைமுடி கனத்துக்கு ஒரு கீறல், அவ்வளவுதான். அதில் நுழைந்த தண்ணீர் சிமென்ட்டுக்கும் மண்ணுக்கும் நடுவில் தங்கிவிட்டது, காய வழியே இல்லை. கைவைத்து அழுத்தினேன், மூட்டை பிசைந்த மாவு மாதிரி உள்வாங்கியது. விதை நெல்லில் பாதி முளைத்துப்போனது. அன்றைக்கு நான் அழுதது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

பிறகு பூச்சை உடைத்து, சுண்ணாம்பும் மணலும் கடுக்காய்த் தண்ணீரும் சேர்த்துப் பூசினோம். மேலே தனியாகக் கால் நட்டு ஒரு தென்னங்கீற்றுக் கூரையும் போட்டோம். இப்போது ஒரு சொட்டு இறங்குவதில்லை. வெயில் காலத்தில் உள்ளே போனால் கிணற்றடியில் நிற்பது போல இருக்கும்.

கொத்தனார் மகன்:
அக்கா சொன்னதைக் கவனியுங்கள். கடைசியில் டோமுக்கே கூரை போட வேண்டியதாயிற்று.

ஆலங்குடி செம்மண்:
அக்கா, அது சிமென்ட் பூச்சின் தப்பு, டோமின் தப்பு இல்லையே. ஆப்பிரிக்காவில் கேமரூன் நாட்டின் முஸ்கும் மக்கள் வெறும் மண்ணிலேயே உயர உயரமாக டோம் வீடு கட்டியிருக்கிறார்கள், அங்கேயும் மழைக்காலம் உண்டு. வெளிச்சுவரில் வரிவரியாகப் புடைப்பு வைத்து, தண்ணீரை அதன் வழியே வடிய விடுகிறார்கள்.

கடலூர் அக்கா:
சரிதான் தம்பி. ஆனால் அந்தப் புடைப்புகளில் கால்வைத்து ஏறித்தான் சுவரை மறுபடி மறுபடி பூசவும் செய்கிறார்கள். ஒவ்வொரு புரட்டாசியிலும் நீங்கள் ஏறிக் கீறல் தேடுவீர்களா? பத்து வருஷம் கழித்தும் ஏறுவீர்களா? அதை யோசித்துக்கொண்டு கட்டுங்கள்.

எண்கோணம்:
தூரத்து ஊர்களை ஏன் தேடுகிறோம்? ஆந்திரக் கடற்கரையில், விசாகப்பட்டினம் ஸ்ரீகாகுளம் பக்கம், சுட்டு இல்லு என்று வட்ட வீடுகள் உண்டு. வட்டமான மண்சுவர், அதன்மேல் கூம்பாகப் பனையோலைக் கூரை, தரையைத் தொடுகிற மாதிரி தாழ இறங்கும். புயல் வருகிற கரையிலேயே தலைமுறை தலைமுறையாக இருந்து வந்தவை. குஜராத்தின் கட்ச் பகுதியில் புங்கா (bhunga) என்கிற வீடும் இதே அமைப்புதான். 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்தில் ஒழுங்காகக் கட்டிய புங்கா வீடுகள் நன்றாகத் தாங்கின. வட்டம் நடுக்கத்தையும் காற்றையும் பார்த்துக்கொள்கிறது, கூம்பு மழையைப் பார்த்துக்கொள்கிறது.

உங்கள் ஷீட் பறந்ததற்குக் காரணம் அது கூரை என்பதல்ல. சரிவு குறைவு, ஓரம் நீட்டிக்கொண்டிருந்தது, சுவரோடு கட்டு இல்லை. மண்மூட்டையில் வட்டச் சுவர் 7 அடிக்கு எழுப்புங்கள். உச்சியில் கம்பி வைத்த கான்கிரீட் பெல்ட் ஓட்டி, கூம்புக் கூரையின் ஒவ்வொரு கழியையும் அதில் இறுக்குங்கள்.

ஆலங்குடி செம்மண்:
இரண்டு நாளாக இதையேதான் யோசிக்கிறேன். முதலில் வட்டச் சுவரை எழுப்பிவிட்டு, டோமா கூம்பா என்று மேலே போய் முடிவு செய்துகொள்ளலாமா?

எண்கோணம்:
வேண்டாம். நேர்ச்சுவரை உயர்த்திவிட்டு அதன்மேல் டோமை உட்கார வைத்தால் சுவரை வெளியே தள்ளும், முட்டுச்சுவர் கேட்கும். அஸ்திவாரத்துக்கு முன்னாலேயே முடிவெடுங்கள்.

கொத்தனார் மகன்:
எதுவானாலும் முதல் மூன்று வரிசைச் சாக்கில் மண் போடாதீர்கள், ஜல்லி போடுங்கள். தரை ஈரம் மேலே ஏறாது. திமிசு பிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன்.

கடலூர் அக்கா:
மண்ணைச் சோதித்தீர்களா? பாட்டிலில் பாதிக்கு மண் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி ஒரு நாள் வையுங்கள். மணல் அடியிலும் களி மேலேயும் தனித்தனியாகப் படியும். அந்தக் களி மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் மணல் சேர்க்க வேண்டும்.

ஆலங்குடி செம்மண்:
அண்ணே, வாருங்கள், அம்மா மீன்குழம்பு வைப்பார்கள். முதலில் 10 அடியில் ஒரு கருவி அறையை டோமாகவே கட்டி, ஒரு மழைக்காலம் முழுக்கப் பார்க்கிறேன். வீட்டு முடிவு அதற்குப் பிறகுதான். இரண்டு பாட்டில் குலுக்கி ஜன்னலில் வைத்திருக்கிறேன், ஒன்று மேட்டு மண், இன்னொன்று குளத்தோரத்து மண். நாளைக்குக் காலையில் அளந்து எழுதுகிறேன்.