டி25 வானில யாரோ அரைகுறையா ஏத்திவிட்ட சுபாரு எஞ்சின், எங்கயிருந்து தொடங்கிறது?

ஓட்டைவான்:
வணக்கம் எல்லாருக்கும். இங்கிலாந்தில 1984 வொக்ஸ்வாகன் டி25 கம்பர்வான் ஒண்டு வாங்கினனான், பொடி நல்ல வடிவா இருக்கு, கறள் குறைவு, உள்ளுக்கு அலுமாரி கட்டில் எல்லாம் பழசு அப்பிடியே. ஒறிஜினலா அதில பின்னால இருந்தது 1.9 கார்பரேற்றர் எஞ்சின், அதைக் கழட்டிப்போட்டு சுபாரு லெகசியின்ர 2.2 இஜே22 ஏத்தியிருக்கு. வித்தவர் நல்ல கொன்வேர்ஷன் எண்டு சொன்னவர், ஆனா ஒரு பில்லும் இல்லை, ஆர் செய்தது எண்டும் தெரியாது.

ஓடேக்க நல்ல பலம், அதில குறை சொல்ல ஏலாது. பிரச்சினை மோட்டர்வேயில போகேக்க ரெம்பரேச்சர் ஊசி மெல்ல மெல்ல ஏறி லைற் மினுங்கப்போற இடம் மட்டும் போகும், பிறகு ஆரோ பிடிச்சு இழுத்த மாதிரி டக்கெண்டு கீழ விழும், கொஞ்சத்தால திரும்ப ஏறும். எம்6 மோட்டர்வேயில ஷாப் ஏத்தத்தில பயந்துபோய் ஹீற்றரை முழுசாத் திறந்துவிட்டன், ஊசி இறங்கி வடிவா நிண்டுது, ஆனா நாங்கள் உள்ளுக்குள்ள அவிஞ்சு போனம். அதைவிட ரவுண்டபவுட்டுக்கு கிளச்சை மிதிச்சு உருண்டு வரேக்க சிலவேளை எஞ்சின் நிண்டுபோகும். கீழ படுத்துப் பாத்தா சம்ப் (ஒயில் தட்டு) மற்ற எல்லாத்தையும் விடத் தாழ்ப்பமாத் தொங்குது, அடியில அடிபட்டு நெளிஞ்சும் இருக்கு. வயர் எல்லாம் வீட்டு லைற்றுக்கு இணைக்கிற வெள்ளைப் பிளாஸ்ரிக் கனெக்ரர் போட்டு முறுக்கி விட்டிருக்கிறாங்கள், பாக்கவே வயித்தைக் கலக்குது. வெயிலுக்க நிண்டா பின்னால பெற்றோல் மணமும் வருது.

பக்கத்துக் கராஜ்காரன் ஹெட் காஸ்கெட் (எஞ்சின் தலைக்கும் உடம்புக்கும் நடுவில இருக்கிற தகடு) போயிட்டுது, எஞ்சினை இறக்கோணும் எண்டுறான். உண்மையோ? இல்லாட்டி இதெல்லாத்தையும் கழட்டி எறிஞ்சுபோட்டு பழைய எஞ்சினுக்கே திரும்பிறதோ?

பழசுப்பிரியன்:
தம்பி சுபாரு எண்டாலே ஹெட் காஸ்கெட்தானே. ஒறிஜினல் எஞ்சின் ஒண்டு தேடிப் போட்டிட்டு நிம்மதியா இரும், வொக்ஸ்வாகனுக்கு வொக்ஸ்வாகன் எஞ்சின்தான் அழகு.

கிறீஸ்கை:
பழசுப்பிரியன் அண்ணை, குறை நினைக்காதேங்கோ, ஆனா ஹெட் காஸ்கெட்டுக்குப் பேர் கெட்டது 2.5 லீற்றர், அதுவும் முதல் வந்த டபுள் காம் 2.5. இஜே22 அந்தக் குடும்பத்தில நல்ல பிள்ளை. உண்மையைச் சொல்லப்போனா நீங்கள் திரும்பப் போடச்சொல்லுற அந்த 1.9 வற்றர்கூல் எஞ்சின்தான் ஹெட்டடியில தண்ணி ஒழுகிறதில பேர்போனது, அதாலதான் சனம் சுபாருவுக்கு ஓடினது.

ஓட்டைவான், நீங்கள் எழுதினதிலயே விடை கிடக்கு. ஹீற்றரைத் திறந்தா ஊசி இறங்கி *நிண்டுது* எண்டு சொல்லுறியள் பாருங்கோ, அதுதான். கனபேருக்கு இது தெரியாது, இந்த எஞ்சினில தேமோஸ்ராற் (சூடு கண்டா திறந்து றேடியேற்றர் தண்ணியை விடுற வால்வு) இருக்கிறது தண்ணி வெளியில போற பக்கம் இல்லை, றேடியேற்றரில இருந்து ஆறி உள்ளுக்க வாற பக்கம், வற்றர் பம்புக்குக் கீழ. அப்ப அது எப்பிடிச் சூட்டை அறியும்? எஞ்சினைச் சுத்திவாற சுடுதண்ணியில கொஞ்சம் ஹீற்றர் லைனால திரும்பி வந்து பம்புக்குள்ள அதின்ர முதுகில படோணும். சுபாரு காரில அந்தத் தண்ணி எந்தநேரமும் ஓடிக்கொண்டே இருக்கும். டி25 இல அப்பிடி இல்லை, டாஷ்போட்டில ஹீற்றர் லீவரைப் பூட்டினா வால்வு பூட்டுப்படும், ஓட்டம் நிக்கும். அப்ப எஞ்சினுக்குள்ள தண்ணி கொதிச்சாலும் தேமோஸ்ராற் காண்கிறது முன்னாலயிருந்து வந்த குளிர்தண்ணியை மட்டும். 78 பாகை அளவில திறக்கவேண்டிய சாமான் பேசாமல் இருக்கும். கடைசியா எஞ்சின் சூடு அதுவரைக்கும் போய்ச் சேர்ந்ததும் திறக்கும், குளிர்தண்ணி அள்ளிக்கொண்டு வரும், ஊசி விழும், திரும்பப் பூட்டும். உங்கட ஊசி ஆடுற ஆட்டம் இதுதான்.

நல்லாச் செய்யிற ஆக்கள் ஹீற்றருக்குப் போற பைப்புக்கும் திரும்பிவாற பைப்புக்கும் நடுவில ஒரு சின்ன பைபாஸ் ஹோஸ் போடுவினம், வால்வு பூட்டினாலும் அதால ஓடும். உங்கட வானில அது இருக்கோ எண்டு முதல் பாருங்கோ. ஹெட் காஸ்கெட் சந்தேகமெண்டா நீலத் தண்ணி ரெஸ்ற் கிட் ஒண்டு வாங்கி எஞ்சின் தண்ணி நிரப்புற போத்தலின்ர வாயில வையுங்கோ, எக்ஸோஸ்ற் காஸ் வந்தா மஞ்சளாகும். அது செய்யாமல் எஞ்சினை இறக்கச் சொல்லுறவனுக்கு ஒரு சதமும் குடுக்காதேங்கோ.

ஆனா இதெல்லாத்துக்கும் முதல் பெற்றோல் ஹோஸ். கார்பரேற்றர் பம்ப் தள்ளுறது கால் பார் அளவு, இஞ்செக்‌ஷன் ரெண்டரை பார். பழைய ஹோஸையே விட்டிருந்தா அது தாங்காது. அதோட 2021 செப்டெம்பரில இருந்து இங்க சாதாரண பெற்றோல் ஈ10 (பத்து வீதம் வரை எதனோல் கலந்தது), அது பழைய ரப்பரைத் தின்னும். ஹோஸில ஆர்9 (இஞ்செக்சன் பிரஷர் தாங்கிற தரம்) எண்டு அடிச்சிருக்கோணும், கிளிப்பும் இஞ்செக்‌ஷனுக்கான வட்டக் கிளிப், திருகாணி பல்லு வெட்டுற சாதிக் கிளிப் வேண்டாம். மாத்தும் வரைக்கும் வானை எடுக்காதேங்கோ, பின்னால எரிஞ்சா நீங்கள் அறியிறதுக்கு முதல் கட்டில் பத்தும்.

மதுரைவயர்மேன்:
நான் வான் வெச்சுக்கல, ஆனா இதே எஞ்சின் போட்ட பழைய லெகசி ஒண்ண ரொம்ப வருஷம் ஓட்டினேன், அதனால வயரிங் பத்தி மட்டும் சொல்றேன். ரவுண்டபவுட்ல உருண்டு வரும்போது ஆஃப் ஆகுதுன்னா பெரும்பாலும் ஈசியூவுக்கு (எஞ்சின் கம்ப்யூட்டர்) ஸ்பீட் சிக்னல் போகல. வண்டி நிக்குதா ஓடுதான்னு அதுக்குத் தெரியாது, அதனால கிளச்ச மிதிச்சதும் ஐடில (சும்மா நிக்கும்போது எஞ்சின் ஓடுற வேகம்) சரியா புடிக்காது. உங்க ஸ்பீடோமீட்டர் கேபிள்ல ஓடுறது, சுபாரு கேக்குறது எலக்ட்ரிக் பல்ஸ், ஸ்வாப் பண்றவங்க இத அப்படியே விட்டுட்டுப் போயிடுவாங்க. கேபிள்லயே சென்சார் ஒண்ணு மாட்டி சரி பண்ணலாம்.

ஊகிக்க வேணாம், ஈசியூகிட்டயே கேளுங்க. ஈசியூ பக்கத்துல கருப்பு கலர்ல ஒரு ஜோடி கனெக்டரும் பச்சை கலர்ல ஒரு ஜோடியும் தொங்கும் (எவனும் வெட்டாம விட்டிருந்தா). கருப்ப ஜோடி சேர்த்துட்டு இக்னிஷன் போட்டா செக் எஞ்சின் லைட் மின்னும். நீளமா மின்னுனா பத்து, குட்டியா மின்னுனா ஒண்ணு. மூணு நீளம் மூணு குட்டி வந்தா 33, அதுதான் ஸ்பீட் சென்சார். உங்க டேஷ்ல அந்த லைட்டே இருக்காது, ஈசியூவோட அந்த வயர்ல தனியா ஒரு சின்ன பல்பு கொடுங்க.

அப்புறம் அந்த வெள்ளை கனெக்டர் அத்தனையும் எடுத்துட்டு க்ரிம்ப் பண்ணி (அழுத்தி இணைச்சு) ஹீட் ஷ்ரிங்க் (சூட்டுல சுருங்குற உறை) போடுங்க. வீட்ல சுவத்துக்குள்ள அசையாம கிடக்குற வயருக்கு செஞ்சது அது, எஞ்சின் ஆட்டத்துல ஸ்க்ரூ தானா லூஸ் ஆகும். இன்டேக் மேனிஃபோல்ட்ல எர்த் போல்ட் இருக்கும், அதையும் கழட்டி தேச்சு மாட்டுங்க, பாதி பேய் அங்கதான் குடியிருக்கும்.

ஓட்டைவான்:
கிறீஸ்கை அண்ணை, நீங்கள் சொன்ன பைபாஸ் இருந்தது! அதாவது கிளை இருக்கு, ஹோஸும் இருக்கு, ஒரு சாண் நீளத்தில வெட்டி அந்த முனையில ஒரு போல்ட்டைச் செருகி ரெண்டு கிளிப் போட்டு இறுக்கி வைச்சிருக்கிறாங்கள். போல்ட் தலை முழுக்கக் கறள், வேலை செய்த அண்டைக்கே போட்டிருக்கோணும். நீல ரெஸ்ற் நீலமாவே இருக்கு. பெற்றோல் ஹோஸில ஒரு எழுத்தும் இல்லை, வளைச்சுப் பாத்தா வெடிப்பு, கழட்டி எறிஞ்சாச்சு. மதுரை அண்ணை, கோட் 33 தான், அதோட 21 உம் வருது.

மதுரைவயர்மேன்:
21 கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார், ஈசியூவுக்குப் போறது. டேஷ் ஊசிக்குப் போறது வேற சென்சார், குழப்பிக்காதீங்க. புதுசு வாங்குறதுக்கு முன்னாடி ப்ளக்கையும் வயரையும் பாருங்க.

கிறீஸ்கை:
அந்தப் போல்ட்டைச் செருகினவன் கையில ஸ்பனர் குடுத்தவனை என்னெண்டு சொல்லுறது. சரி, ஹோஸை அடுத்த பக்கக் கிளைக்கு இணைச்சுவிடுங்கோ. தேமோஸ்ராற்றும் சுபாருவின்ர ஒறிஜினலே வாங்கிப் போடுங்கோ, மலிவுச் சாமான் பாக்கவே சின்னன், திறக்கிற வாயும் சின்னன். தண்ணி நிரப்பேக்க அவசரப்படாதேங்கோ, றேடியேற்றர் முன்னுக்கு எஞ்சின் பின்னுக்கு, நடுவில நீட்டுப் பைப், 15 லீற்றருக்கு மேல பிடிக்கும். மூக்குப் பக்கத்தை நல்லா உயத்தி, ரெண்டு ஹீற்றரையும் திறந்துவிட்டு, முன் கிறில்லுக்குப் பின்னால றேடியேற்றர் உச்சியில இருக்கிற திருகாணியால காத்து முழுக்கப் போய் தண்ணி ஒழுங்கா வடியும் மட்டும் விடுங்கோ.

சம்ப் விசயம் சின்ன விசயம் இல்லை. அது கட்டையாக்காத கார் சம்ப். டி25 க்கு அடியை வெட்டிக் கட்டையாக்கி ஒட்டின சம்ப் வாங்கலாம், அதோட உள்ளுக்க ஒயில் உறிஞ்சிற பிக்கப் பைப்பும் கட்டையானது வேணும், ரெண்டும் ஒரே இடத்தில சோடியா வாங்குங்கோ. உங்கட சம்ப் நெளிஞ்சு மேல வந்திருக்கு எண்டுறியள், அந்த நெளிவு பிக்கப் வாயில முட்டினா ஒயில் ஏறாது, எஞ்சின் போய்ச்சுது. கழட்டும் மட்டும் கை கேஜ் ஒண்டு போட்டு ஒயில் பிரஷர் பாருங்கோ. மாத்தினபிறகு பழைய டிப்ஸ்ரிக் கோடு பொய் சொல்லும், அளந்து ஊத்திப் புதுக் கோடு கீறுங்கோ. ரைமிங் பெல்ற் எப்ப மாத்தினது எண்டு தெரியாட்டி அதையும் சேத்து மாத்துங்கோ, தண்ணி வடிச்சிருக்கேக்க வற்றர் பம்பும் ஒரே வேலை.

லண்டன்அக்கா:
எஞ்சின் கதை எனக்கு விளங்காது, கடதாசி விளங்கும். வி5சி (வானின்ர பதிவுக் கடதாசி) யில எஞ்சின் நம்பரும் சிசியும் மாத்தியிருக்கோ பாருங்கோ. 1.9 எண்டே கிடந்தா டிவிஎல்ஏ (வாகனப் பதிவு அலுவலகம்) க்கு அறிவியுங்கோ, இன்சூரன்ஸ்காரனுக்கும் 2.2 சுபாரு எண்டு சொல்லுங்கோ. 78 குதிரை எண்டு நினைச்சுக் காப்புறுதி செய்த வானில 136 குதிரை இருந்தா, இடிபட்ட அண்டைக்குத்தான் அவங்கள் கண்ணாடி போட்டு வாசிப்பாங்கள்.

1984 எண்டபடியா 40 வருசம் தாண்டீட்டுது, ஹிஸ்ரோறிக் வகுப்புக்கு மாத்தினா வீதி வரி இல்லை, லண்டனுக்குள்ள யூலெஸ் (புகை கூடின வாகனத்துக்கு அறவிடுற) காசும் இல்லை. ஆனா எம்ஓடி (வருசாந்த வாகனச் சோதனை) தேவையில்லை எண்டு சொல்லுற சலுகை பெரிய மாற்றம் செய்யாத வாகனத்துக்குத்தான், வேற கொம்பனி எஞ்சின் போட்ட வான் அதுக்குள்ள வருமெண்டு நம்பி இருக்காதேங்கோ. வருசா வருசம் எம்ஓடிக்குக் கொண்டுபோங்கோ. புகைச் சோதனைக்கு எஞ்சின், வான் ரெண்டிலயும் எது பழசோ அதின்ர கணக்கைத்தான் எடுக்கோணும், ரெஸ்ற் பண்ணுற பொடியன் புது லெகசிக் கணக்கில வைக்கப் பாத்தா 1984 எண்டு ஞாபகப்படுத்துங்கோ.