ஜெனரல் ஸோ சிக்கன்: பார்சலில் வருவது எது, ஹூனான் சமையல் எது?

வாணலி77 கேட்டது:

அமெரிக்காவில் எந்த ஊர்ச் சீனக் கடையிலும் ஜெனரல் ஸோ சிக்கனும் ஆரஞ்சு சிக்கனும்தான் சக்கைப்போடு போடுகின்றன. இரண்டுமே பொரித்த கோழியை இனிப்பான சாஸில் புரட்டியவை. "அதெல்லாம் சீனச் சாப்பாடே இல்லை, சீனாவில் அப்படி ஒன்றே கிடையாது" என்று ஒரு கூட்டம் அடித்துச் சொல்கிறது. மெனுவிலோ ஹூனான் (சீனாவின் ஒரு மாகாணம்) உணவு என்று போட்டிருக்கிறது. ஹூனான்காரர்கள் காரத்தில் சர்க்கரை சேர்க்கமாட்டார்கள் என்கிறார்கள். அப்படியானால் இது எங்கிருந்து வந்தது?

இன்னொன்று: வீட்டில் செய்தால் சாஸில் புரட்டிய ஐந்தாவது நிமிடமே கோழி நமத்துப்போகிறது. கடைப் பார்சல் அரை மணி கழித்தும் மொறுமொறுவென்று இருக்கிறது. எங்கே தப்பு? அளவோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

கல்சட்டி:

முதல் கேள்விக்கு மட்டும் என் பதில்.

பெயரில் இருக்கும் ஜெனரல் ஸோ என்பவர் ஸுவோ சோங்டாங் (1812–1885), ஹூனானில் பிறந்த சிங் பேரரசுத் தளபதி. இந்தக் கோழியை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. இதை உருவாக்கியவர் பெங் சாங்குய் என்ற ஹூனான் சமையல்காரர். 1949இல் தேசியவாத அரசோடு தைவானுக்குப் போய், 1950களில் அங்கே அரசு விருந்துகளுக்குச் சமைத்தவர். சொந்த மாகாணத்துப் பெரிய மனிதரின் பெயரைத் தன் புதுப் பதார்த்தத்துக்குச் சூட்டினார். அந்த முதல் வடிவம் புளிப்பு, உப்பு, காரம், பூண்டு என்று இருந்தது. சர்க்கரை கிடையாது.

நியூயார்க்கில் ஹூனான் உணவகம் திறக்க நினைத்தவர்கள் 1970களின் தொடக்கத்தில் தைப்பே போய் அவருடைய சமையலைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு வந்தார்கள். அவர்களில் டி. டி. வாங் என்பவர் மேல்மாவை மொறுமொறுப்பாக்கி, சாஸில் சர்க்கரையைக் கூட்டினார். 1973இல் பெங் நியூயார்க்கில் கடை போட வந்தபோது அவருடைய கோழியின் நகல் அவருக்கு முன்பே அங்கே விற்றுக்கொண்டிருந்தது. அவரும் வேறு வழியில்லாமல் இனிப்புக்கு இறங்கினார். 1990இல் ஹூனான் தலைநகர் சாங்ஷாவில் ஒரு கடை திறந்தார். அங்கே இந்தக் கோழி எடுபடவில்லை; இனிப்பாக இருக்கிறது என்று ஊர்க்காரர்களே ஒதுக்கிவிட்டார்கள்.

ஆக, "அசல்" என்று தேடிப் போனால் கையில் கிடைப்பது தைவான் விருந்துப் பலகாரம்தான், ஹூனான் வீட்டுச் சமையல் இல்லை.

ஏன் தைவான் வழியாக வந்தது? 1882இல் அமெரிக்கா போட்ட சீனர் விலக்குச் சட்டத்துக்குப் பிறகு சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் வருவதே தடைபட்டது. அந்தச் சட்டம் நீங்கியது 1943இல்தான். அதுவரை அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் குவாங்டாங் மாகாணத்தின் தாய்ஷான் பக்கத்துக்காரர்கள். சாப் சூயி (கறியும் காயும் கலந்த வதக்கல்) எல்லாம் அவர்கள் காலத்துச் சரக்கு. 1965 குடியேற்றச் சட்டம் கதவைத் திறந்த பிறகு தைவானிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் தேர்ந்த சமையல்காரர்கள் வந்தார்கள். 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் பீக்கிங்கில் விருந்து சாப்பிட்டதை ஊரே தொலைக்காட்சியில் பார்த்தது. சிச்சுவான், ஹூனான் என்று பெயர்ப்பலகை மாட்டியவுடன் கூட்டம் சேர்ந்தது.

மஞ்சூரியாவில் போய்க் கோபி மஞ்சூரியன் கேட்டால் என்ன கிடைக்குமோ, அதேதான் சாங்ஷாவில் ஜெனரல் ஸோ கேட்டாலும்.

இரும்புச்சட்டி:

நமத்துப்போறதுக்கு மூணு காரணம்தான் இருக்கும்: மாவு தப்பு, ஒரே தடவை பொரிச்சது, சாஸ் தண்ணியா இருந்தது. பெரும்பாலும் மூணும் சேர்ந்தே நடக்கும்.

எலும்பில்லாத தொடைக்கறி 500 கிராம், 3 செ.மீ. துண்டு. நெஞ்சுக்கறி வேண்டாம், ரெண்டாவது பொரியலில் வறண்டுடும். லைட் சோயா சாஸ் 1 மேசைக்கரண்டி, ஷாவ்ஷிங் ஒயின் (சீன அரிசி ஒயின்) 1 மேசைக்கரண்டி, ஒரு முட்டை வெள்ளைக்கரு, கார்ன் ஸ்டார்ச் 2 மேசைக்கரண்டி போட்டுப் பிசைஞ்சு 30 நிமிஷம் வைங்க. சமையல் சோடா போடறதா இருந்தா கால் டீஸ்பூனைத் தாண்டாதீங்க, சோப்பு வாசனை வந்துடும்.

மேல்மாவுக்கு உருளைக்கிழங்கு ஸ்டார்ச் 100 கிராம். மைதா கூடவே கூடாது. மைதாவில் இருக்கிற குளூட்டன் ஈரம் பட்டதும் தோல் மாதிரி சவசவன்னு ஆயிடும். ஸ்டார்ச் கண்ணாடி மாதிரி உடையும். பிசைஞ்ச கலவையிலிருந்து 2 டீஸ்பூன் எடுத்து மாவில் தெளிச்சு விரலால உதிர்த்துவிட்டா அங்கங்கே கட்டி கட்டியா நிக்கும். கடைக் கோழியில பார்க்கிற சொரசொரப்பு அதுதான்.

ஒரு லிட்டர் எண்ணெயில் ஒரு நேரத்துக்கு 250 கிராமுக்கு மேல போடாதீங்க. முதல் தடவை 160 டிகிரியில் 3 நிமிஷம், நிறம் மாறாம வெந்தா போதும். எடுத்து கம்பித்தட்டில் 5 நிமிஷம் ஆற விடுங்க. டிஷ்யூ பேப்பர் மேல போட்டா அடிப்பக்கம் வேர்த்துடும். அந்த அஞ்சு நிமிஷத்தில் உள்ளே இருக்கிற ஈரம் மேல்தோலுக்கு வரும். ரெண்டாவது தடவை 190 டிகிரியில் 60 முதல் 90 விநாடி. அந்த ஈரத்தை விரட்டத்தான் இந்தச் சூடு. இதை விட்டா மீதி எது பண்ணியும் பிரயோஜனம் இல்லை.

அமெரிக்கக் கடை சாஸ்: கோழி ஸ்டாக் 60 மி.லி., சோயா சாஸ் 30, அரிசி வினிகர் 30, ஷாவ்ஷிங் 15, சர்க்கரை 50 கிராம், கார்ன் ஸ்டார்ச் 2 டீஸ்பூன். எல்லாத்தையும் குளிர்ந்த நிலையில் கலக்கி வைங்க. 1 மேசைக்கரண்டி எண்ணெயில் விதை உதிர்த்த காய்ந்த மிளகாய் 8, பூண்டு 4 பல், அதே அளவு இஞ்சி, வெங்காயத்தாள் வெள்ளைப் பகுதி. மிளகாய் கறுக்க விடாதீங்க, கசக்கும். சாஸை ஊத்தி, சின்னக் கொப்புளம் பெரிய கொப்புளமா மாறி, கரண்டியின் பின்பக்கம் கோடு போட்டா கோடு நிக்கிற பதம் வர்ற வரைக்கும் கொதிக்கணும். அப்பதான் கோழி. 20 விநாடி புரட்டி இறக்கிடுங்க. சட்டியில் சாஸ் தேங்கி நின்னா அளவு அதிகம்னு அர்த்தம்.

சர்க்கரை நாக்குக்காக மட்டும் இல்லை. பாகு தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும், மாவுத்தோலுக்குள்ள விடாது. பார்சல் அரை மணி தாங்கற ரகசியம் பாதி அதுதான். டப்பாவை இறுக்கி மூடினா மட்டும் எந்தக் கடைச் சரக்கும் தாங்காது.

பெங்கோட பழைய சுவை வேணும்னா சர்க்கரையை அடியோட எடுத்துடுங்க, வினிகரை 20 ஆக்குங்க, தக்காளி பேஸ்ட் ஒரு டீஸ்பூன் சேர்த்தா நிறமும் கெட்டியும் கிடைக்கும். ஆனா உடனே சாப்பிடணும். பத்து நிமிஷத்தில் இளகிடும்.

நாக்குநீளம்:

கல்சட்டி சொன்னதில் ஒரு திருத்தம். இனிப்பு என்றாலே அமெரிக்கக் கலப்படம் என்று நினைக்க வேண்டாம். சீனாவின் வூஷி நகரத்துப் பன்றி விலா எலும்பு பாகில் ஊறியதுபோல இருக்கும். கான்டனின் (குவாங்டாங் பக்கம்) இனிப்புப் புளிப்புப் பன்றிக்கறி பழைய உருப்படி. அமெரிக்காவில் நடந்தது வேறு: எல்லா மாகாணத்தையும் ஒரே பழுப்புப் பாகில் முக்கி எடுத்தார்கள். எலும்பு போனது, தோல் போனது, ஈரல் குடல் போனது. கசப்பு, மரமரப்பு, புளித்த வாடை எல்லாம் போயின.

சிலவற்றுக்குச் சட்டமே காரணம். சிச்சுவான் மிளகு எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. அதன் வழியாகச் சிட்ரஸ் நோய் பரவும் என்று 1968 முதல் 2005 வரை அமெரிக்கா இறக்குமதியைத் தடுத்திருந்தது. குங் பாவ் சிக்கன் என்ற சிச்சுவான் கோழியில் நாக்கு மரத்துப்போவதுதான் விசேஷம். அது இல்லாத குங் பாவ் ஒரு தலைமுறைக்குப் பழகிவிட்டது.

ஆரஞ்சு சிக்கனும் அப்படித்தான். அதன் வேர், காயவைத்த மாண்டரின் தோல் போட்ட கசப்பு கலந்த கோழி. பாண்டா எக்ஸ்பிரஸ் என்ற அமெரிக்கச் சீன உணவுச் சங்கிலியில் சமையல்காரர் ஆண்டி காவ் 1987இல் இப்போதைய வடிவத்தைக் கொண்டுவந்தார். சூட்டுத்தட்டில் வைத்து விற்கும் கடைக்கு அந்தப் பாகுதான் சரிப்படும். காய்ந்த தோலின் கசப்பு அங்கே எடுபடாது.

வாணலி77:

ரொம்ப நன்றி. இரும்புச்சட்டி அண்ணா, இரண்டு சந்தேகம். அமெரிக்கக் கடையில் "கார்ன் ஃப்ளவர்" என்று வாங்கிய மாவில் சாஸ் கெட்டியாகவே இல்லை, மண்ணாக நிற்கிறது. இன்னொரு முறை கெட்டியான சாஸ் கொஞ்ச நேரத்தில் மறுபடி நீர்த்துவிட்டது.

இரும்புச்சட்டி:

முதலாவது பெயர்க் குழப்பம். நம்ம ஊர்ப் பாக்கெட்டில் கார்ன் ஃப்ளவர்னு போட்டிருக்கிற வெள்ளை மாவு அங்கே "கார்ன் ஸ்டார்ச்". அங்கே கார்ன் ஃப்ளவர்னு வாங்கினா மக்காச்சோளத்தை அப்படியே அரைச்ச மாவு வரும். ஸ்டார்ச் அளவுக்குக் கெட்டி பிடிக்காது.

ரெண்டாவதுக்கு வினிகர் காரணமா இருக்கும். புளிப்போட ரொம்ப நேரம் கொதிச்சா ஸ்டார்ச் உடைஞ்சு இளகும். பாதி வினிகரைக் கடைசியில் ஊத்துங்க, வாசனையும் தங்கும். கொதி வர்றதுக்கு முன்னாடியே அடுப்பை அணைச்சிருந்தாலும் இப்படி ஆகும்.

கல்சட்டி:

ஹூனான் ருசிதான் வேண்டும் என்றால் இந்தக் கோழியை விட்டுவிட்டு மிளகாய்ப் பன்றிக்கறி செய்து பாருங்கள். அங்கே வீட்டுக்கு வீடு செய்வது. சீன மொழியில் மெனு தனியாக வைத்திருக்கும் கடைகளில் "ஷியாவ் சாவ் ரோ" என்று கேட்டால் கிடைக்கும்.

கொழுப்புள்ள பன்றி வயிற்றுக்கறி 250 கிராம், 3 மி.மீ. தகடாக. நீளமான பச்சை மிளகாய் 150 கிராம், சாய்வாகக் கீறியது. பஜ்ஜி மிளகாய் பொருத்தம், காரம் போதாவிட்டால் சாதா மிளகாய் நான்கு. முதலில் எண்ணெய் இல்லாத இரும்புச் சட்டியில் மிளகாயை அழுத்தி அழுத்தி, தோல் கொப்புளித்துப் புள்ளி விழும்வரை வாட்டி எடுத்துவையுங்கள். பச்சையாகப் போட்டால் நீர் விட்டு எல்லாம் புழுங்கிப்போகும். பிறகு கறியைப் போட்டுக் கொழுப்பு உருகி ஓரம் சுருளும்வரை வதக்கி, பூண்டுத் தகடு, புளித்த கறுப்பு பீன்ஸ் 1 மேசைக்கரண்டி. வாசம் எழுந்ததும் லைட் சோயா சாஸ் 1 மேசைக்கரண்டியைச் சட்டியின் ஓரத்தில் ஊற்றுங்கள். மிளகாயைத் திரும்பச் சேர்த்து ஒரு நிமிடம்.

சர்க்கரை வேண்டாம், ஸ்டார்ச் கரைசல் வேண்டாம். கறுப்பு பீன்ஸே உப்பு, தனி உப்பு ருசி பார்த்துவிட்டுத்தான். வீட்டு அடுப்பின் தீ கடை அடுப்புக்கு ஈடாகாது, அதனால் இந்த அளவை இரட்டிப்பாக்காமல் இரண்டு தடவையாகச் செய்யுங்கள். சுடுசோறு பக்கத்தில் தயாராக இருக்கட்டும்.