டிமோலால் சொட்டும் அப்பாவின் தலைச்சுற்றலும்: புதுப்பிப்பு

கிளாக்கோமாவுக்கு (கண் அழுத்த நோய்) டிமோலால் 0.5% சொட்டு விட ஆரம்பித்ததிலிருந்து அப்பாவுக்குத் தலைச்சுற்றல், அசதி என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

"பிரஷருக்கு என்ன மாத்திரை சாப்பிடறார்னு பாருங்க" என்று ஒருவர் எழுதியிருந்தாரே, அதுதான் விஷயம். அப்பா வருஷக்கணக்கில் அட்டெனலால் சாப்பிடுகிறார். இரண்டுமே பீட்டா பிளாக்கர், அதாவது இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து வகை. சொட்டு கண்ணோடு நிற்பதில்லை. கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்குள் இறங்கி, கல்லீரலில் வடிகட்டப்படாமலே ரத்தத்தில் கலக்கிறது. நாடித்துடிப்பு 48-க்கு வந்திருந்தது. ஈசிஜி பார்த்துவிட்டு, கண் டாக்டர் டிமோலாலை நிறுத்தி, இரவில் ஒரு சொட்டு லட்டனோபிராஸ்ட் விடச் சொன்னார். இப்போது தலைச்சுற்றல் இல்லை, துடிப்பு 60-க்கு மேல். கண் அழுத்தமும் கட்டுக்குள் இருக்கிறது.

டிமோலாலே தொடர்பவர்களுக்கு: சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரக் கண் முனையை விரலால் 2 நிமிஷமாவது அழுத்திப் பிடியுங்கள். சரியாகப் பிடித்தால் தொண்டையில் மருந்து ருசி தெரியாது. அடுத்த சொட்டு மருந்து இருந்தால் 5 நிமிஷம் இடைவெளி விடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தச் சொட்டு அவர்களை மூச்சுத்திணறலில் கொண்டுபோய் விடும். ஆனால் நீங்களாகச் சொட்டை நிறுத்தாதீர்கள்.

எதிர்பாராத ஒன்று: புது மருந்தில் அப்பாவின் இமைமுடி நீண்டு கறுத்து வளர்கிறது. அது அந்த மருந்தின் வழக்கம்தானாம். அம்மாவுக்குத்தான் பொறாமை.