புதுக் கோப்பின் முத்திரை: ‘முன்னிருப்பு’ என்ற ஒரு சொல் போதுமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

லினக்ஸ் கணினிகளில் அணுகலைக் கட்டுப்படுத்தும் எஸ்இலினக்ஸ் (SELinux) என்ற பாதுகாப்பு அமைப்பின் கையேட்டுத் தமிழாக்கத்தில், புதிய கோப்புக்குத் தானாகக் கிடைக்கும் காப்புக் குறியை ‘முன்னிருப்புப் பாதுகாப்பு லேபிள்’ என்று எழுதி, அதையே எல்லா இடங்களிலும் ஆளலாம் என்ற முன்மொழிவைப் படித்தேன். இதுவரை நடந்த பேச்செல்லாம் ‘லேபிள்’ என்பதற்கு ஈடான சொல்லைப் பற்றியே இருந்தது. எனக்கு உறுத்துவது முன்பாதி. ஆங்கிலத்தின் ‘டீஃபால்ட்’டுக்கு (default) ஈடான ‘முன்னிருப்பு’ என்ற அந்த ஒரே சொல் அங்கே மூன்று வெவ்வேறு பொருள்களைச் சுமக்கிறது. ஆங்கிலக் கையேடுகளைப் படிப்பவர்களே அதில் தடுக்கி விழுகிறார்கள். நாமும் அதே பள்ளத்தை வெட்டி வைக்க வேண்டியதில்லை.

எஸ்இலினக்ஸ் செயல்படுத்தும் கட்டாய அணுகல் கட்டுப்பாட்டில், ஒரு கோப்பை யார் தொடலாம் என்பதைக் கோப்பின் உடைமையாளர் மட்டும் முடிவு செய்துவிட முடியாது. அமைப்பு முழுமைக்குமான கொள்கையும் இசைந்தாக வேண்டும். அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை 2000 டிசம்பரில் திறந்த மூலமாக வெளியிட்டு, 2003இல் லினக்ஸின் மைய நிரலான கெர்னலின் 2.6 வரிசையில் சேர்ந்த எஸ்இலினக்ஸில், ஒவ்வொரு கோப்பின் குறியும் பயனர், பங்கு, வகை, நிலை என்ற நான்கு உறுப்புகளைக் கொண்டது. அன்றாடத்தில் வழக்கைத் தீர்ப்பது பெரும்பாலும் வகைதான்.

இனி மூன்று பொருள்களுக்கு வருகிறேன். முதலாவது, கோப்பு உருவாகும் அந்தக் கணத்தில் கெர்னல் அதற்கு இடும் குறி. பொதுவாக, பயனர் உறுப்பும் நிலையும் கோப்பை உருவாக்கும் செயல்முறையிலிருந்து, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரலிலிருந்து வருகின்றன. பங்கு, பொருள்களுக்கென்று வைத்திருக்கும் பொதுப் பங்காக அமைகிறது. வகை மட்டும் கோப்பு பிறக்கும் தாய் அடைவிலிருந்து (கோப்புறையிலிருந்து) வருகிறது. கொள்கையில் வேறு விதி எழுதியிருந்தால் வகையும் மாறும். 2011இல் வந்த 2.6.39 கெர்னலிலிருந்து கோப்பின் பெயரைப் பார்த்துக்கூட அந்த விதி செயல்படலாம். இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, நிரலே தனக்கு வேண்டிய குறியைக் கேட்டு, கொள்கையும் அதற்கு இடங்கொடுத்தால், அதுவே நிற்கும்.

நண்பர் ஒருவர் இதற்குத் ‘தாய்வழிக் குறி’ என்ற பெயரைச் சொன்னார். அழகான சொல், விடுவதற்கு மனம் வரவில்லை. ஆனால் நான்கில் ஓர் உறுப்புதான் தாய் அடைவின் வழி வருகிறது என்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், 2008இல் 2.6.25 கெர்னலில் சேர்ந்த ஸ்மாக் (Smack) என்ற, இதேபோன்ற மற்றொரு கட்டுப்பாட்டு அமைப்பை எடுத்துக்கொண்டால் பெயர் முழுவதும் பொய்த்துவிடும். அங்கே புதுக் கோப்பு தன்னை உருவாக்கிய செயல்முறையின் குறியையே பெறுகிறது. அடைவில் அதற்கென்று ஒரு பண்பை அமைத்து, அணுகல் விதியும் அதை அனுமதித்தால் மட்டுமே அடைவின் குறி இறங்குகிறது. ஆகவே குறி எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லுக்குள் வைக்கக் கூடாது. எப்போது விழுந்தது என்பதை வைக்கலாம்.

இரண்டாவது பொருள் வேறு. எஸ்இலினக்ஸ் இயங்காத கணினியில் எழுதிய வட்டு ஒன்றைக் கொண்டுவந்து ஏற்றினால், அதிலுள்ள கோப்புகளில் எந்தக் குறியும் இருக்காது. அவற்றை இன்ன குறி உள்ளவைபோல் நடத்து என்று ஏற்றும்போதே சொல்ல வழி உண்டு. ஸ்மாக்கிலும் அப்படியொரு விருப்பத்தேர்வு இருக்கிறது. அதனால் கோப்பில் எதுவும் எழுதப்படுவதில்லை. எழுதியிருப்பதாக வைத்துக்கொள்கிறோம், அவ்வளவே.

மூன்றாவது, இன்ன பாதையில் இருக்கும் கோப்புக்கு இன்ன குறி இருக்க வேண்டும் என்று கொள்கையோடு சேர்ந்து வரும் பட்டியல் சொல்வது. கோப்புக்கு மறுபடி குறியிடும் ரெஸ்டோர்கான் (restorecon) கட்டளை பார்ப்பது இந்தப் பட்டியலைத்தான். கோப்பு உருவாகும்போது கெர்னல் இந்தப் பட்டியலைத் திறந்தும் பார்ப்பதில்லை. பலருக்கும் இது தெரியாது. எனக்கும் ஒரு முழு மாலை வீணான பிறகே தெரிந்தது. வீட்டு அடைவில் எழுதிய ஒரு பக்கத்தை எம்வி (mv) கட்டளையால் வலைப் பரிமாறியின் அடைவுக்கு நகர்த்திவிட்டு, வழக்கமான அனுமதிகளெல்லாம் சரியாக இருந்தும் ‘அனுமதி இல்லை’ என்னும் 403 பிழை வருவது ஏனென்று விழித்துக்கொண்டிருந்தேன். ஒரே கோப்பு முறைமைக்குள் எம்வி நகர்த்துகிறதே தவிர புதுக் கோப்பை உருவாக்குவதில்லை. ஆகவே பழைய குறியும் கூடவே போகிறது. சிபி (cp) கட்டளையால் படியெடுத்திருந்தால் அங்கே ஒரு புதுக் கோப்பு பிறந்து, அந்த அடைவுக்கு ஏற்ற வகையைப் பெற்றிருக்கும்.

இதைப் பயனருக்கு விளக்கும் வாக்கியத்தை இப்போதைய முன்மொழிவின்படி எழுதிப் பாருங்கள்: ‘கோப்பை நகர்த்தும்போது அது முன்னிருப்பு லேபிளுடனேயே செல்லும், ஆகவே அதன் முன்னிருப்பு லேபிளை மீட்க ரெஸ்டோர்கானை இயக்கவும்.’ இருப்பதை ஏன் மீட்க வேண்டும் என்று படிப்பவர் கேட்டால் நம்மிடம் பதில் இல்லை.

லேபிள் என்பதற்கு நான் ‘முத்திரை’யின் பக்கம். ‘சிட்டை’ குறுகிய சொல்தான். ஆனால் நம்மூர்க் கடைக்காரருக்கு அது நாட்கணக்கு, இலங்கையில் பலருக்கு அது ரசீது. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தார் சரக்கு மூட்டைகளில் சோழரின் புலிச்சின்னத்தைப் பொறித்து அனுப்பியதைச் சங்கப்பாட்டில் படித்திருக்கிறோம். மூட்டை வணிகனுடையது, குறி அரசனுடையது. உடைமையாளர் நினைத்தபடி மாற்ற முடியாத குறி என்ற கருத்துக்கு இதைவிட நெருக்கமான படம் எனக்குக் கிடைக்கவில்லை. ‘பொறி’ என்றே வைத்துவிடலாம் என்றால், இயந்திரமும் எலிப்பொறியும் அச்சொல்லை ஏற்கெனவே பிடித்துக்கொண்டன. முத்திரையிடு, மறுமுத்திரையிடு, முத்திரையற்ற என்று வினையும் எச்சமும் இயல்பாகக் கிளைப்பது கூடுதல் வசதி. ‘லேபிளிடு’ என்றும் சொல்ல முடியும், மறுக்கவில்லை. முத்திரை ஒருமுறை விழுந்தால் மாறாதே, இது மாறுகிறதே என்றொரு தடை எழுப்பப்பட்டது. உரிமை பெற்றவர் பழையதை நீக்கிப் புதியதை இடுவது முத்திரைக்கும் உண்டு. இங்கும் மறுமுத்திரையிடக் கொள்கையில் தனி அனுமதி வேண்டும்.

ஆகவே முதற்பொருளுக்குப் ‘பிறப்பு முத்திரை’ என்பதை முன்வைக்கிறேன். ‘பிறவி’ என்றால் சாகும்வரை மாறாதது என்ற தொனி வந்துவிடும். ‘பிறப்பு’ பிறப்புச் சான்றிதழில் உள்ளதுபோல் நேரத்தை மட்டும் குறிக்கும். மச்சம் என்று கேலி செய்பவர்கள் செய்யட்டும். இரண்டாவதற்குச் சில மொழிபெயர்ப்புகளில் தென்படும் ‘கொடாநிலை’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். பொதுவான இடங்களில் அது நாக்கில் ஒட்டாத சொல் என்றுதான் நானும் சொல்லி வந்தேன். ஆனால் உண்மையிலேயே எதுவும் கொடுக்கப்படாத நிலையைக் குறிக்கும் இந்த இடத்துக்கு அது அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. மூன்றாவது ‘உரிய முத்திரை’. அப்போது மேற்சொன்ன வாக்கியம் இப்படி அமையும்: ‘கோப்பை நகர்த்தும்போது அது பழைய இடத்தில் பெற்ற பிறப்பு முத்திரையுடனேயே செல்லும், புதிய இடத்துக்கு உரிய முத்திரையை இட ரெஸ்டோர்கானை இயக்கவும்.’

ஒன்று மட்டும் எனக்குத் தீரவில்லை. அடைவின் வகையை விட்டு வேறு வகையைத் தரும் அந்தக் கொள்கை விதியை வரைவில் ‘வகை மாற்ற விதி’ என்று எழுதியிருக்கிறார்கள். கோப்பைப் பொறுத்தவரை அங்கே எதுவும் மாறுவதில்லை. பிறக்கும்போதே அது அந்த வகையுடன் பிறக்கிறது. இப்போதைக்கு ‘வகைத் தேர்வு விதி’ என்று குறித்து வைத்திருக்கிறேன். அதே விதி செயல்முறைகளுக்கும் பயன்படுவதையும், அங்கே வகை உண்மையாகவே மாறுவதையும் கருத்தில் கொண்டு, இரண்டுக்கும் பொருந்தும் சொல் தோன்றினால் எழுதுங்கள்.