ஹாட் செல்லுக்குள் சோர்வுச் சோதனை: மாதிரியை எப்படிப் பிடிப்பது?

கேள்வி:
கதிர்வீச்சு பட்ட 316 துருப்பிடிக்காத எஃகுக்குச் சோர்வுச் சோதனை இயந்திரம் வடிவமைக்கிறேன், அதாவது திரும்பத் திரும்பச் சுமை கொடுத்து எப்போது உடைகிறது என்று பார்க்கும் இயந்திரம். இது இருக்கப்போவது ஹாட் செல்லில், கதிர்வீச்சைத் தடுக்கும் தடித்த சுவர் கொண்ட அறையில். அதனால் மாதிரியை மாட்டப்போவது வெளியிலிருந்து இயக்கும் மேனிபுலேட்டர் கைதான். மரை வைத்த பிடியைப் போலி மாதிரியில் பழகிப் பார்த்தேன். 45 நிமிடம் முட்டியும் மரை ஏறவில்லை. வேறு வழி உண்டா?

பதில் 1:
மரையை விடுங்கள் தம்பி. முனையில் தோள் விட்டுக் கடைந்து, பக்கவாட்டில் செருகும் பிடி செய்யுங்கள். இழுத்து அமுக்கும் சோதனை என்றால் முன்சுமை கொடுத்து ஆட்டத்தை எடுத்துவிட வேண்டும். போல்ட் கழன்றாலும் பிடியிலேயே தொங்கட்டும். எங்களுக்கு ஒருமுறை ஒரு வாஷர் கீழே விழுந்தது. ஈயக் கண்ணாடி வழியாகப் பார்த்துப் பார்த்து அதை எடுக்கவே ஒரு நாள் போயிற்று. அப்புறம், டெஃப்லான் சீல் வேண்டவே வேண்டாம், கதிர்வீச்சில் பொடிந்துவிடும்.

பதில் 2:
வேகத்தையும் யோசியுங்கள். ஒரு கோடி சுழற்சிக்கு 10 ஹெர்ட்ஸில் பதினொன்றரை நாள் ஆகும். இயல்பான அதிர்வெண்ணிலேயே ஆட்டும் 100 ஹெர்ட்ஸ் ஒத்ததிர்வு இயந்திரத்தில் 28 மணி நேரம்தான். திரிபை, அதாவது மாதிரி நீண்டு சுருங்கும் அளவைக் கட்டுப்படுத்தும் சோதனை என்றால், அளந்து அளந்து தன்னைத் திருத்திக்கொள்ளும் சர்வோ இயக்கியை விட்டால் வழியில்லை.

கேட்டவர்:
திரிபுதான் சார், அதனால் சர்வோ மோட்டார். செல்லுக்குள் எண்ணெயே வராது. டிரைவ் மின்னணு எல்லாம் சுவருக்கு வெளியே. தோள் பிடியை மாட்டிப் பார்த்துச் சொல்கிறேன் அண்ணா.