டெஸ்க்டாப் தொகுப்பை நீக்கியபின் உபுண்டு சர்வரில் நெட்வொர்க் வரவில்லை

கேள்வி:
வணக்கம். எங்கள் அலுவலகக் கணக்குப் பிரிவின் கோப்புகள் இருக்கும் சர்வர் உபுண்டு 22.04-இல் ஓடுகிறது. முன்பு பணியிலிருந்த யாரோ அதில் டெஸ்க்டாப்பையும் ஏற்றி வைத்திருந்தார்கள். சர்வருக்கு அது எதற்கு என்று நேற்று மாலை உபுண்டு-டெஸ்க்டாப் தொகுப்பை நீக்கி, கையோடு, இனித் தேவைப்படாத துணைத் தொகுப்புகளை நீக்கும் ஆட்டோரிமூவ் கட்டளையும் கொடுத்தேன். திரை நிறைய ஓடிய பட்டியலைப் படிக்காமல் ஒப்புதல் கொடுத்தது என் தவறுதான். அப்போதும் எஸ்எஸ்ஹெச் இணைப்பு (வேறு கணினியிலிருந்து சர்வரை இயக்கும் வழி) அறுபடாததால் கவலைப்படவில்லை. ரீபூட் செய்தபின், சர்வர் எட்டுகிறதா என்று பார்க்கும் பிங்குக்குக்கூடப் பதில் இல்லை. மானிட்டரை மாட்டிப் பார்த்தால், நெட்வொர்க் கார்டு தெரிகிறது, ஆனால் 'டவுன்' என்று காட்டுகிறது. ஐபி முகவரி இல்லை. கேபிளையும் சுவிட்ச் போர்ட்டையும் மாற்றிப் பார்த்துவிட்டேன்.

மறுமொழி 1:
கேபிளை விட்டுவிடுங்கள். டெஸ்க்டாப்போடு, நெட்வொர்க் இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க் மேனேஜரும் போயிருக்கும். தொகுப்புகளை நிறுவி நீக்கும் ஏபிடியின் ஹிஸ்டரி லாகைத் திறந்தால் நேற்று நீங்கியவற்றில் அதன் பெயர் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். நெட்வொர்க் மேனேஜர் நின்றாலும் ஏற்கெனவே கொடுத்த முகவரியைக் கார்டிலிருந்து எடுப்பதில்லை என்பதால்தான் ரீபூட் வரை எல்லாம் ஓடியது. அந்தத் தொகுப்பையும் அது சார்ந்தவற்றையும் பென்டிரைவில் கொண்டுவந்து மீண்டும் நிறுவுங்கள்.

மறுமொழி 2:
காரணம் சரி, ஆனால் சர்வருக்கு அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதில்லை என்பது என் கருத்து. 22.04-இல் அதே வேலையைச் செய்யும் நெட்வொர்க்டி, சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியோடே வருகிறது, அதை எழுப்பினால் போதும். ஈடிசி அடைவில், நெட்வொர்க் அமைப்பை எழுதிவைக்கும் நெட்பிளானின் ஃபோல்டருக்குள் உள்ள யாமல் வடிவக் கோப்பில், எந்தச் சேவை நெட்வொர்க்கை நடத்த வேண்டும் என்று சொல்லும் ரெண்டரர் என்ற வரி இன்னும் நெட்வொர்க் மேனேஜரையே குறிப்பிடும். இல்லாத ஆளிடம் வேலையை ஒப்படைத்தது போல. அங்கே நெட்வொர்க்டி என்று மாற்றி, கார்டின் பெயரையும் முகவரியையும் கேட்வேயையும் (வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வழியின் முகவரி) எழுதி, அந்தச் சேவையை எனேபிள் செய்து, நெட்பிளான் அப்ளை கொடுங்கள். உள்தள்ளலுக்கு ஸ்பேஸ் மட்டும் பயன்படுத்துங்கள், டேப் விழுந்தால் யாமல் ஏற்காது. பழைய முகவரி நினைவில்லையென்றால் பதற வேண்டாம். நீங்கள் பர்ஜ் (அமைப்புக் கோப்புகளோடு சேர்த்து நீக்குவது) செய்யாமல் ரிமூவ் மட்டும் செய்திருந்தால், ஈடிசியில் நெட்வொர்க் மேனேஜர் ஃபோல்டரின் சிஸ்டம்-கனெக்ஷன்ஸ் பகுதியில் பழைய அமைப்புக் கோப்பு அப்படியே கிடக்கும்; ரூட் உரிமையோடு படிக்கலாம்.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஹிஸ்டரி லாகில் நெட்வொர்க் மேனேஜரின் பெயர் இருந்தது. பழைய கோப்பும் கிடைத்தது. முகவரி வந்துவிட்டது, கூகுளின் 8.8.8.8-க்குப் பிங்கும் போகிறது. ஆனால் ஏபிடி அப்டேட் கொடுத்தால், பெயரைக் கண்டறிய முடியவில்லை என்கிறது.

மறுமொழி 2:
பெயர்களை ஐபி முகவரிகளாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வரின் முகவரியை யாமலில் எழுதாமல் விட்டிருப்பீர்கள். டிஹெச்சிபி (முகவரியைத் தானாகத் தரும் முறை) என்றால் அதுவும் தானாக வந்திருக்கும், நிலையான முகவரிக்கு நாம்தான் தர வேண்டும். பழைய கோப்பில் டிஎன்எஸ் வரியில் இருப்பதை நேம்சர்வர்ஸ் என்ற தலைப்பின்கீழ் சேருங்கள். ரிசால்வ் கான்ஃப் கோப்பில் 127.0.0.53 என்று இருப்பதைப் பார்த்துத் திருத்தப் போகாதீர்கள், அது, சர்வருக்குள்ளேயே இருந்து பெயர்களைக் கண்டறிந்து தரும் ரிசால்வ்டியின் உள்முகவரி. இனி இந்தக் கோப்பை எஸ்எஸ்ஹெச் வழியாக மாற்ற நேர்ந்தால், அப்ளைக்குப் பதிலாக நெட்பிளான் ட்ரை கொடுங்கள். 120 வினாடிக்குள் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும்.

கேட்டவர்:
அந்த வரிதான் விடுபட்டிருந்தது. சேர்த்தபின் மீண்டும் ரீபூட் செய்து பார்த்தேன், என் இருக்கையிலிருந்தே எஸ்எஸ்ஹெச் கிடைக்கிறது. மானிட்டரைக் கழற்றிவிட்டேன்.