ஒரே வரியில் இரண்டு ‘அகெய்ன்ஸ்ட்’: இரண்டாவதைத் தமிழில் எப்படி எழுதுவது?

ஒரு கொள்முதல் ஒப்பந்தத்தைத் தமிழாக்குகிறேன், வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். சிக்கல் இந்த வரியில்: ‘எனி கிளைம் அகெய்ன்ஸ்ட் த செல்லர் மே பி செட் ஆஃப் அகெய்ன்ஸ்ட் த பேலன்ஸ் ட்யூ.’

முதல் அகெய்ன்ஸ்ட் சரி, விற்பவர் மீதான கோரிக்கை. இரண்டாவதில் எதிர்ப்பே இல்லை. விற்பவர் தர வேண்டியதையும் வாங்குபவர் தர வேண்டிய பாக்கியையும் நேர் செய்துகொள்வதுதான் அங்கே விஷயம்.

அகராதிகளில் ‘எதிராக’, ‘மாறாக’, ‘சாய்ந்து’ வரை பார்த்துவிட்டேன், எதுவும் பொருந்தவில்லை. இணைய மொழிபெயர்ப்புக் கருவி ‘பாக்கிக்கு எதிராக’ என்கிறது, படித்தால் பாக்கி மேலேயே வழக்குப் போட்டது மாதிரி இருக்கிறது! நகைக்கடன், சொத்துக்கடன் என்று வரும்போது இதே சொல்லை ‘அடமானத்தின் பேரில்’ என்று சமாளித்துவிடலாம், ஆனால் இங்கே அடமானமே கிடையாது. ‘பாக்கியில் கழித்துக்கொள்ளலாம்’ என்று எழுதினேன், வாசிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் அது வெறும் பிடித்தம் போலத் தொனிக்கிறது. ‘பாக்கியுடன் ஈடுசெய்துகொள்ளலாம்’ என்றால் பொருள் நெருக்கமாக வருகிறது, சாதாரண வாசகருக்குப் புரியுமா தெரியவில்லை.

ஒப்பந்தம், கணக்கு மொழிபெயர்ப்பில் இருப்பவர்கள் சொல்லுங்கள்: இந்த இரண்டில் நீங்கள் எதை எழுதுவீர்கள்?